சாந்தப்பா விட்டுக்கொடுத்த இடம்

1

சபையின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி ஊரிலிருந்து போன் வந்தது.

"முன்ன மாதிரி தினமும் நடக்கற சின்ன விஷயத்துல இருந்து ஒரு ஆவிக்குரிய பாடம் எடுத்து எழுதுங்க பிரதர். வெளியூர்ல இருக்கறவங்க எழுதினா நம்ம ஜனங்க ஆசையா படிக்கறாங்க" என்றார் மலரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி. குரலை வைத்துப் பார்த்தால் சின்ன வயதுக்காரர். என் பழைய கட்டுரைகளை அவருடைய வீட்டில் யாரோ எடுத்து வைத்திருக்க வேண்டும்.

பெங்களூருக்கு வந்த புதிதில் நான் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஜீவனஹள்ளித் தெருக்குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று சீறும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் பெண்கள் குடத்தோடு ஓடுவார்கள். பரிசுத்த ஆவி இறங்கிய நாளின் காற்று எனக்கு அதில் கேட்டது. ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். கன்னடப் பலகையைப் படிக்கத் தெரியாமல் தப்பான பஸ்ஸில் ஏறி, ஊரின் மறு கோடியில் போய் இறங்கினேன். போகச் சொன்ன திசையை விட்டு வேறு திசையில் கப்பலேறிய யோனாவைப் பற்றி எழுத அது போதுமானதாக இருந்தது. அடுப்பில் பொங்கிய பால், காணாமல் போன சாவி, கம்பெனி ஸ்டோர்ஸில் எலி கடித்த மூட்டை என்று எதைப் பார்த்தாலும் ஒரு பாடம் தென்படும். என் மனைவி ஜெபமணி சிரிப்பாள். "உங்களுக்கு ஜலதோஷம் பிடிச்சாகூட அதுல ஒரு வசனம் இருக்கும்" என்பாள்.

அவள் இறந்த பிறகு நான் எழுதவில்லை. அது 1991 டிசம்பர்.

பெங்களூர் வெளிநாடு இல்லை என்று நீங்கள் சொல்லலாம். காலையில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊருக்கு வந்துவிடலாம். ஆனால் அந்த டிசம்பரில் நடுவே ஒரு சமுத்திரம் இருந்தது. அதைப் பற்றியும், இந்த வருஷம் நடந்த ஒன்றைப் பற்றியும் எழுதுகிறேன். இதில் பாடம் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2

ஜெபமணிக்குச் சின்ன வயதிலேயே வந்த காய்ச்சலில் இருதய வால்வு கெட்டுப்போயிருந்தது. கிரேஸ் பிறந்த பிறகு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். காவிரித் தண்ணீர் விஷயமாகக் கலவரம் மூண்டு, ஊரடங்கு போட்டு, எங்கள் தெருவில் எல்லாரும் வாசலைப் பூட்டிக்கொண்டு தமிழைக்கூட மெதுவாகப் பேசிய அந்த வாரத்தில் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

"எனக்கு எதாவது ஆச்சுன்னா என்னை ஊருக்குக் கூட்டினு போயிடுங்க. எங்கம்மாகிட்ட வெச்சிடுங்க" என்றாள். பயத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள் போய்விட்டாள்.

சபையின் வேன் ஒன்று கிடைத்தது. ஓட்டுநர் கன்னடக்காரர். வண்டி எண் கர்நாடகா எண் என்பதால் எப்படியும் ஓசூர் எல்லையைத் தாண்டிவிடலாம் என்று சொல்லித்தான் கிளம்பினோம். கிரேஸுக்கு அப்போது எட்டு வயது. வேறு யாரிடமும் விட்டுவர முடியவில்லை. வேனுக்குள் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, பாதத்தைத் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

சந்தாபுராவில் சில வாலிபர்கள் நடுரோட்டில் கல்லை உருட்டிவிட்டு நின்றிருந்தார்கள். கையில் கம்பு. ஒருவன் என் பக்கத்து ஜன்னலில் குனிந்து, "ஏனிதெ ஒளகெ?" என்றான். உள்ளே என்ன இருக்கிறது என்கிறான்.

கன்னடத்தில் பிணத்துக்கு ஹெண என்று பெயர். பெண்ணுக்கு ஹெண்ணு. எனக்குக் கன்னடம் வந்து வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் அந்த நேரத்தில் நாக்கு புரண்டு, "ஹெண்ணு" என்று சொல்லிவிட்டேன்.

பெண்ணைக் கடத்திக்கொண்டு போகிறான் என்று நினைத்தார்களோ என்னவோ, பின்கதவை இழுத்துத் திறந்தார்கள். திறந்தவர்கள் அப்படியே நின்றார்கள். கிரேஸ் அவர்களைப் பார்த்தாள். அவள் அழவில்லை; அம்மாவின் பாதத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். முதலில் கேட்ட வாலிபன் கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினான்.

"முந்தக்கெ ஹோகபேடி சார்" என்றான். முன்னால் போகாதீர்கள் என்று அர்த்தம். எல்லையில் வண்டிகள் எரிகின்றன, போலீஸும் விடமாட்டார்கள் என்றான். பிறகு அவனே கையை நீட்டி ரோட்டோரமாக இருந்த ஒரு சிறிய கோயிலைக் காட்டினான். ஓடு போட்ட கட்டடத்தின் மேலே சிலுவை இருந்தது.

அன்று நான் சொன்ன வார்த்தை தவறு என்று பல வருஷம் வெட்கப்பட்டேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. வேனுக்குள் இருந்தது ஹெண்ணுதான்.

3

அந்தச் சபை கன்னடச் சபை. பத்திருபது குடும்பங்கள் இருக்கும். எங்களைப் பார்த்ததும் முதலில் பயந்தார்கள். ஒரு தமிழ் வீட்டுச் சாவை உள்ளே எடுத்தால் யார் வந்து என்ன செய்வார்களோ என்ற பயம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அதே பயம்தான்.

அவர்களில் ஒருவர் சாந்தப்பா. ஆனேக்கல் பக்கம் கொஞ்சம் ராகி நிலம் வைத்திருந்த மனிதர். தலையில் துண்டு, நரைத்த மீசை. அவர் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. கிரேஸை இறக்கி, தண்ணீரும் ஒரு வெல்லத்துண்டும் கொடுத்தார். பிறகு என்னைப் பின்புறத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். சின்னத் தோட்டம், எங்கும் நெருக்கமாகக் கல்லறைகள். ஒரு கல்லறைக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் நீளத்துக்கு வெற்றிடம்.

"இது நன்ன ஜாக" என்றார். அது அவருடைய இடம். பக்கத்தில் இருந்தது அவருடைய மனைவி. தனக்கென்று விட்டு வைத்திருந்த இடம் அது. "இல்லி இடி" என்றார். இங்கே வையுங்கள்.

நான் தலையை ஆட்டி மறுத்தேன். அவர் சிரித்தார். எனக்குப் புரிய வேண்டும் என்று தமிழைக் கலந்து சொன்னார்: "நான் இப்பவே ஹோகல்ல. ஹோகும்போது யாராவது நோடிக்குவாங்க." போகும்போது யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்கிறார்.

இருட்டுவதற்குள் அடக்கம் முடிந்தது. கன்னடத்தில் ஜெபித்தார்கள். முதல் பிடி மண்ணைப் போட கிரேஸின் கையைச் சாந்தப்பா பிடித்துக்கொண்டார்.

ஊரில் இதை யாரும் மன்னிக்கவில்லை. ஜெபமணியின் அண்ணன் யாக்கோபு மச்சான், "ரெண்டு நாள் ஐஸ்ல வெச்சிருந்தா ரோடு திறந்திருக்குமே மாப்ள. எங்கம்மா பக்கத்துல வைக்காம, பாஷை தெரியாத ஜனங்க நடுவுல வெச்சிட்டு வந்துட்டியே" என்றார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்வார். அவர் தங்கைக்காக அழ அவருக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது.

என் கதைக்குள் பாடம் தேடியவர்கள் வேறு பலர். ஒரு முறை ஊரில் நற்செய்திக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் பிரசங்கியார் என் பெயரைச் சொல்லாமல் இதையே சொன்னார். இயேசுவின் சரீரத்துக்குத் தன் புதுக் கல்லறையைக் கொடுத்த அரிமத்தியா ஊர் யோசேப்போடு சாந்தப்பாவை ஒப்பிட்டார். ஜனங்கள் அல்லேலூயா என்றார்கள். பக்கத்தில் இருந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல பிரசங்கம்தான். நான் எழுதியிருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

ஆனால் தன் கல்லறையைக் கொடுத்த அந்த மனிதர் பிறகு எங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்று எந்தப் பிரசங்கியாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சாந்தப்பா எங்கே போனார் என்பது எனக்குத் தெரியும். சில வருஷம் கழித்து அவர் காலமானபோது போயிருந்தேன். மனைவிக்குப் பக்கத்தில் இடம் இல்லை. ரோட்டோரச் சுவரை ஒட்டி, லாரிப் புகை படிந்த மூலையில் குழி வெட்டினார்கள். அவருடைய மகன் பிரகாஷ் அன்று என்னிடம் மரியாதையாகத்தான் பேசினான். ஆனால் குழிக்குள் மண் விழும்போது என் பக்கம் திரும்பவே இல்லை.

4

என் நாட்கள் எப்படிப் போகின்றன என்று மலர்த் தம்பி கேட்டார். சொல்கிறேன். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போதுதான் கிரேஸ் வேலையிலிருந்து வருவாள். அமெரிக்காவில் இருப்பவர்களுக்குப் போனில் பதில் சொல்லும் கம்பெனியில் வேலை. அங்கே அவள் பெயர் கிரேஸ்தான். நல்ல வேளை, மாற்ற வேண்டியிருக்கவில்லை. கூட வேலை பார்க்கும் பெண் வெங்கடலட்சுமி அங்கே விக்கி. கிரேஸ் வந்ததும் இரண்டு பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை அவள் கிதார் வாசிக்கும் ஆங்கில ஆராதனைக்குப் போவாள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. வேதத்தை ஆங்கிலத்தில் வாசிக்கிறாள். வாசிக்கிறாளே என்று இருந்துகொள்கிறேன்.

நான் தமிழ் ஆராதனைக்குப் போகிறேன். இந்த வருஷமும் மழை பொய்த்துப் போனதால் மறுபடியும் காவிரி. டிவியைத் திறந்தால் அணை. எங்கள் ஆலயத்தில் முதலில் தமிழ் ஆராதனை, அது முடிந்ததும் அதே இடத்தில் கன்னட ஆராதனை. தமிழில், தண்ணீர் விடும்படி அதிகாரிகளின் இருதயம் இளகட்டும் என்று ஜெபித்தோம். செருப்பைத் தேடிக்கொண்டு வாசலில் நின்றபோது, உள்ளே கன்னடத்தில் அணைத் தண்ணீரைக் காத்துத் தரும்படி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். அதே கூரை, அதே பீடம், பலிபீடத்தில் அதே பூக்கள்கூட. கர்த்தர் எதற்குச் செவிகொடுப்பார்? சாந்தப்பா உயிரோடு இருந்தபோது இப்படி ஒரு வறட்சியில் அவர் ஜெபித்ததைக் கேட்டிருக்கிறேன். "மளெ கொடு தேவரே" என்பார். மழை கொடு என்பதோடு சரி. யாருக்கு என்று சொல்ல மாட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பியபோது பிரகாஷ் எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தான். சின்ன டெம்போ ஓட்டுகிறான். அதைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்திருந்தான். கிரேஸ் அவனுக்கு டீ கொடுத்திருந்தாள்.

"சார், ரோடு அகலம் மாடுறாங்க" என்றான். "சுவரு ஹத்ர, பக்கத்துல இருக்கற கல்லறெ எல்லாம் எடுக்கணும். பின்னாடி ஒரு வரிசெ ஜாக கொடுத்திருக்காங்க. எல்லாரையும் அங்க மாத்தறாங்க."

"அப்பாவையுமா?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். சொல்லி ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவன் போல ஆரம்பித்து, நடுவில் தடுமாறினான்.

"எப்படியும் தோண்டி எடுக்கறதுதானே சார். எடுக்கறப்ப அம்மா பக்கத்துல வைக்கணும்னு ஆசெ. அப்பா கேக்கல. அவரு சாகும்போதுகூட இதப் பத்தி ஒண்ணும் ஹேளல்ல, சொல்லல. நான்தான் கேக்கறேன். தப்பா நினைக்காதீங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. இத்தனை வருஷம் அவன் கேட்காமல் இருந்ததுதான் என்னைக் கலக்கியது. "நீ கேட்டது நியாயம்பா. அது உங்கப்பாவோட இடம்" என்றேன்.

அவன் போன பிறகு கிரேஸ் கதவருகிலேயே நின்றாள்.

"அப்போ அம்மா?"

"ஊருக்குக் கொண்டுபோயிடலாம். அவ கேட்டது அதுதானே. பாட்டி பக்கத்துல."

"அம்மா என்ன பார்சலாப்பா? அங்க திருப்பி அனுப்பறதுக்கு?" அவள் குரல் உயரவில்லை. தூக்கம் இல்லாத கண்கள். "நான் அந்த ஊருக்கு மொத்தமா எத்தனை தடவை போயிருப்பேன்? சந்தாபுரான்னா நினைச்சா பஸ் ஏறிடுவேன். சில நாள் ஷிப்ட் முடிஞ்சு நேரா அங்க போய் உக்காந்துட்டு வருவேன். உங்களுக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். அவள் விலகிப் போய்க்கொண்டிருக்கிறாள், தாயின் முகம்கூட அவளுக்கு மறந்திருக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

5

எந்தக் கல்லறையைத் திறந்தாலும் தாலுகா ஆபீஸின் அனுமதி வேண்டும். அதற்கு இறப்புச் சான்றிதழ் வேண்டும். பத்து வருஷம் பெட்டியில் கிடந்த சான்றிதழை எடுத்துப் போனேன். கன்னடத்தில் அவள் பெயரை ஜபமணி என்று எழுதியிருந்தார்கள். அங்கே இருந்த குமாஸ்தா அதைப் படித்துவிட்டு, "ஜபமணின்னா ஜபமாலேல இருக்கற மணி அல்லவா? மனுஷங்களுக்கு இந்தப் பேர் வைப்பாங்களா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே சந்தேகம். ஜெபமணி என்று மாற்ற உறுதிமொழிப் பத்திரம் கேட்டார். நோட்டரியிடம் போனேன். நோட்டரி வேறு ஓர் எழுத்தைத் தவறாக அடித்தார். திரும்பப் போனேன். ஒவ்வொரு முறையும், "நேட்டிவ் எல்லி?" என்று கேட்டார்கள். சொந்த ஊர் எது? ஒவ்வொரு முறையும் நம் ஊரின் பெயரைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது ஏதோ படித்த பெயர் போல ஒலித்தது.

ஒருவழியாக அனுமதி கிடைத்ததும் ஊருக்கு வந்தேன். உங்களில் சிலர் என்னைப் பார்த்திருப்பீர்கள். யாக்கோபு மச்சான் ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். என் பையை வாங்கிக்கொண்டு, "இத்தனை வருஷம் கழிச்சாவது என் தங்கச்சி வரப் போறா" என்று சொல்லி அழுதார். சபைக் கமிட்டியில் அவர் இருப்பதால் இடம் கிடைப்பது பெரிய விஷயமாக இருக்காது என்றார்.

கமிட்டியில் என்னை மரியாதையாக உட்காரவைத்து காபி கொடுத்தார்கள். செயலாளர் என்னைவிட இளையவர். பொறுமையாகப் பேசினார்.

"பிரதர், வருத்தப்படாதீங்க. உங்க அங்கத்தினர் பேர எடுத்து ரொம்ப வருஷம் ஆச்சு. நீங்க அங்க வேற சபையில சேர்ந்துட்டீங்க. அது நல்லதுதான். ஆனா கல்லறைத் தோட்டத்துல உள்ளூர்க்காரங்களுக்கே இடம் பத்தல. உங்களுக்கு விட்டா நாளைக்கு பம்பாய்ல இருந்து, துபாய்ல இருந்து எல்லாரும் கேப்பாங்க. அதுவும் அடக்கம் பண்ணினவங்கள எடுத்துட்டு வர்றது இதுவரைக்கும் நடந்ததில்ல. மேல எழுதிக் கேக்கறோம். பதில் வரட்டும்."

யாக்கோபு மச்சான் எழுந்தார். "இந்தக் கோயில்லதான்யா அதுங்க ரெண்டுக்கும் தாலி கட்டினது!" என்றார்.

"தெரியும் அண்ணே. யார் இல்லைன்னா?" என்றார் செயலாளர்.

அவர் சொன்னதில் எதுவும் பொய் இல்லை. அதனால் யாரையும் குறை சொல்லி இதை எழுதவில்லை. நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். மச்சான் என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். மாமியாரின் கல்லறைக்கு இரண்டு பக்கமும் யார் யாரோ இருந்தார்கள். ஒன்றின் மேல் சுண்ணாம்பு இன்னும் ஈரமாகக்கூட இருந்தது. மச்சான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு அது முன்பே தெரியும் என்று தோன்றியது. தெரிந்தும், எப்படியோ நடந்துவிடும் என்று நம்பியிருக்கிறார்.

ரயிலில் திரும்பும்போது ஜோலார்பேட்டையில் டீ வாங்கினேன். விற்றவர் தமிழில் கேட்டார். நான் கன்னடத்தில் பதில் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் நினைக்கவில்லை, சில்லறையைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். நான் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். அத்தனை சோர்வு.

6

வீட்டுக்கு வந்து நடந்ததைக் கிரேஸிடம் சொன்னேன். மறுநாள் வேலை முடிந்ததும் நேராகச் சந்தாபுராவுக்குப் போய்விட்டாள். அவள் பேசும் கன்னடத்தைக் கேட்டால் பிறவிக் கன்னடக்காரி என்பீர்கள். மத்தியானம் வந்து, "பின்னாடி வரிசைல முதல் இடம் அம்மாவுக்கு. பிரகாஷ் அண்ணா கமிட்டில பேசிட்டார். சாட்டர்டே வர்றாங்க. நான் லீவ் போட்டிருக்கேன்" என்றாள். பிறகு, "ஓகேவாப்பா?" என்று கேட்டாள். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

ஆனால் உள்ளே எனக்கு அது தோல்வியாகத்தான் இருந்தது. ஜெபமணி கேட்டது ஒன்றே ஒன்று. அதை ஒரு முறை கலவரம் தடுத்தது. இந்த முறை கலவரம் இல்லை, கல் இல்லை, கம்பு இல்லை. எல்லாரும் நல்லவர்கள், காபி கொடுத்தார்கள். அப்படியும் முடியவில்லை.

சனிக்கிழமை முதலில் சுவரோரமாகச் சாந்தப்பாவை எடுத்தார்கள். பிறகு ஜெபமணியின் குழியைத் திறந்தார்கள். பிரகாஷ் என் முன்னால் வந்து மறைத்துக்கொண்டு நின்றான். "நோடபேடி சார்" என்றான். பார்க்காதீர்கள் என்றுதான் சொன்னான். ஆனால் நான் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பயப்படும்படி எதுவும் இல்லை. வேர்களும் செம்மண்ணும், கொஞ்சம் எலும்பும். இவ்வளவு சிறியவளா நீ என்று நினைத்தேன்.

ஒரு சின்ன மரப்பெட்டிக்குள் அடங்கிவிட்டாள். அதைத் தூக்க நான் கை நீட்டினேன். கிரேஸ் முந்திக்கொண்டாள். எட்டு வயதில் பாதத்தைப் பிடித்துக்கொண்டு வந்த பெண், பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கல்லறைகளுக்கு நடுவே நடந்தாள்.

அதற்குள் சாந்தப்பாவை அவருடைய மனைவிக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார்கள். பிரகாஷ் மண்ணைத் தள்ளிவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அவன் அழுது முடிக்கும் வரை போதகர் காத்திருந்தார். பிறகு அவன் எழுந்து வந்து, நாங்கள் கேட்காமலே மண்வெட்டியை எடுத்து ஜெபமணியின் புதுக் குழியைச் சமன் செய்தான். வேலையாளை ஒதுங்கச் சொல்லிவிட்டு அவனே செய்தான். என் மனதில் இருந்த ஏதோ ஒரு பாரம் அப்போது இறங்கியது.

எல்லாம் முடிந்த பிறகு அந்தச் சபையின் மூப்பர் ஒருவர் கயிறு பிடித்து, புது வரிசையை அளந்துகொண்டிருந்தார். ஒவ்வோர் இடமும் யாருக்கு என்று கேட்டுக் குச்சி நட்டார். ஜெபமணிக்கு அடுத்த இடத்துக்கு வந்தபோது கிரேஸ் கன்னடத்தில் சொன்னாள்: "அது எங்கப்பாவுக்கு."

நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னிடம் அவள் கேட்கவில்லை. பஸ்ஸில் கைக்குட்டை போட்டு சீட் பிடிப்பது போல என் கல்லறைக்கு இடம் பிடித்தாள்.

மூப்பர் என்னைப் பார்த்தார். புதியவர், என்னை அவருக்குத் தெரியாது. "இவரு யாவ சபெ?" என்று கேட்டார். எந்தச் சபைக்காரர்?

ஊரில் பெயரை எடுத்தாயிற்று. நகரத்தில் போகும் ஆலயத்தில் கல்லறைத் தோட்டம் நிரம்பிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் பிரகாஷ் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, தலையைக்கூடத் திருப்பாமல், "நம்ம சபெயவரே" என்றான். நம்ம சபைக்காரர்தான்.

மூப்பர் தலையாட்டிவிட்டுக் குச்சியை நட்டார். பிறகு அடுத்த இடத்துக்குப் போனார்.

வாக்குத்தத்த தேசத்தில் ஆயுள் முழுக்கக் கூடாரத்தில் பரதேசியாகத் திரிந்த ஆபிரகாமுக்கு, அங்கே சொந்தமான முதல் நிலம் மனைவியைப் புதைக்க வாங்கிய நிலம்தான். இதை நூறு முறை வாசித்திருக்கிறேன், ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தக் குச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், அந்த மனிதருக்கு அன்று கால் எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்தேன்.

பஸ்ஸில் கிரேஸ் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நகங்களில் செம்மண்.

சில வாரம் கழித்து யாக்கோபு மச்சான் போன் செய்தார். குரலில் சந்தோஷம். மேலிடத்திலிருந்து பதில் வந்துவிட்டதாம். அவர் விடாமல் அலைந்திருக்கிறார். சிறப்பு அனுமதி. தோட்டத்தின் தெற்கு ஓரத்தில் ஓர் இடம். "கொண்டாந்துடு மாப்ள. செலவு என்னுது. நானே வண்டி எடுத்துனு வரேன்" என்றார்.

அவர் தனியாக எத்தனை வாசல் ஏறி இறங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நடந்ததை அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். பின் வரிசை, முதல் இடம், பிரகாஷ் மண் தள்ளியது, எல்லாம்.

"அதனால என்ன? இன்னொரு தரம் எடுத்துடலாமே" என்றார். சிறுபிள்ளை கேட்பது போல இருந்தது.

"வேணாம் மச்சான். ஒரு தரம் நாம அவள எழுப்பிட்டோம். இனிமே அவள எழுப்ப ஒருத்தர்தான் வரணும்."

அந்தப் பக்கத்தில் மூக்கைச் சிந்தும் சத்தம்.

"சரி மாப்ள" என்றார். "அடுத்த மாசம் நான் அங்க வரேன். எந்த பஸ்ல ஏறணும், சொல்லு."